டை வெடிப்பு பார்த்த வருஷங்கள்

அலுமினியம் வார்க்கிற தொழிற்சாலையில் எல்லோரும் வெளியே வந்து விழுகிற சாமானைத்தான் பார்ப்பார்கள். அது எதிலிருந்து வருகிறதோ அந்த டையைப் பார்ப்பதற்கென்று ஒருவனைச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பார்கள், அவன் சொல்வதைக் கேட்காமல் இருப்பதற்கு.

தொண்ணூறுகளின் நடுவிலிருந்து எட்டு வருஷம் அந்த ஒருவன் நான்தான். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற சாலையில், இரண்டு பக்கமும் நெல் வயல் இருக்க, நடுவில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே மூன்று மெஷின். மோட்டார் சைக்கிளுக்கு கிளட்ச் மூடி வார்ப்பது எங்கள் தொழில். டை என்பது இரண்டு பெரிய எஃகுக் கட்டிகள். இரண்டும் வந்து மூடிக்கொள்ளும், உருகிய அலுமினியம் அழுத்தத்தோடு உள்ளே பாயும், சில நொடியில் இறுகும், டை திறக்கும், மூடி வெளியே வரும். உடனே டையின் முகத்தில் தண்ணீர் கலந்த எண்ணெய் தெளிப்பார்கள். மறுபடி மூடும். காய்ந்த தோசைக்கல்லில் நிமிஷத்துக்கு ஒரு தரம் தண்ணீர் தெளித்துக்கொண்டே வருஷக்கணக்கில் இருந்தால் கல் என்ன ஆகும்? அதேதான் டைக்கும். முகத்தில் மயிரிழை மாதிரி வெடிப்பு விழும். பிறகு அது வலை மாதிரி பரவும். எங்கே விழுந்திருக்கிறது, எவ்வளவு ஆழம், இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வது என் வேலை.

எந்தத் தொழிலிலாவது தரம் பார்க்கிற நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தால், உங்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் அவசரம், உங்களுக்கு மட்டும் சந்தேகம்.

டைக்கு லீவு

முதலாளி ஜபார் பாய். கடைவீதியில் அவர்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக இரும்புக்கடை. கம்பியைக் கையில் வாங்கியதும் எடையைச் சொல்லிவிடுவார். நல்ல மனுஷர். ஆனால் இரும்பு என்பது விற்கிற பொருள், அதற்குள்ளே ஏதோ நடக்கிறது என்று யாராவது சொன்னால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். டை சூடாகி ஆறி சூடாகி ஆறி, எஃகுக்குள்ளே இறுக்கம் சேர்ந்துகொண்டே போகும், அதனால் அவ்வப்போது மெஷினிலிருந்து இறக்கி உலையில் வைத்து, நிதானமாகச் சூடேற்றி, பல மணி நேரம் வைத்திருந்து, மெதுவாக ஆறவிட வேண்டும், அப்போதுதான் இறுக்கம் விடும் என்று ஒரு நாள் அவருக்கு எடுத்துச் சொன்னேன். டீ ஆறும்வரை கேட்டார். எவ்வளவு நாள் ஆகும் என்றார். இரண்டு நாள் என்று சொல்லி, எழுதியும் கொடுத்தேன்.

அதே வாரம் என் தங்கைக்கு நிச்சயதார்த்தம். நானும் இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டு காகிதமும் அவர் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அந்த நிச்சயதார்த்தத்துக்கு நான் பந்தி முடிந்து இலை எடுத்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். பாய் நிதானமாக, நியாயமான குரலில்தான் சொன்னார்:

“சரி, டைக்கு ரெண்டு நாள் லீவு குடுத்துட்டேன். ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கு லீவு குடுத்தா கம்பெனி பேஜாராயிடும், நீங்க இருந்து அதப் பாத்துக்கங்க.”

சூடு ஏறாத டை

டையை முதலில் காஸ் பர்னரால் காட்டிச் சூடேற்றிவிட்டுத்தான் ஓட்ட ஆரம்பிக்க வேண்டும். குளிர்ந்த எஃகில் உருகிய அலுமினியம் பட்டால் வெடிப்பு சீக்கிரம் விழும். ஆனால் எங்கள் பக்கம் கரண்ட் பகலில் எப்போது போகும், எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தால் டை கை வைத்துப் பார்க்கிற அளவுக்கு ஆறிப்போயிருக்கும். மறுபடி பர்னர் வைக்க முக்கால் மணி நேரம். பெரும்பாலும் அதை யாரும் செய்வதில்லை. பத்துப் பதினைந்து மூடியைச் சும்மா வார்த்து, அந்தச் சூட்டிலேயே டையைச் சூடாக்கி, அந்த மூடிகளை மறுபடி உலையில் போட்டுவிடுவார்கள்.

மெஷின் ஓட்டியவர்களில் கெட்டிக்காரன் மாசிலாமணி. திருமுக்கூடல் பக்கம் கூலி வேலை செய்கிற குடும்பம். தினமும் சைக்கிளில் வருவான். ஒரு நாள் கரண்ட் வந்த ஐந்தாவது நிமிஷம் மெஷின் சத்தம் கேட்டு ஓடிப்போய், டையில் வெப்பமானியை வைத்தேன். இருக்க வேண்டியதில் பாதி கூட இல்லை. பர்னர் குழாய் கொக்கியில் சுருட்டின சுருள் பிரியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. எஃகு ஏன் வெடிக்கிறது என்று அவனை நிற்க வைத்துக் கொஞ்சம் நீளமாகவே சொன்னேன். எண்ணெய் தெளிக்கிற துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டான். அவன் பின்னால் சுவரில் கரும்பலகை. அன்றைக்கு எத்தனை மூடி எடுக்க வேண்டும் என்கிற கணக்கு சாக்பீஸில் இருந்தது; கரண்ட் போனாலும் போகாவிட்டாலும் அந்த எண் மாறாது. நான் முடித்ததும் அவன் கோபமில்லாமல் சொன்னான்:

“டை சூடாவுறதுக்கு முக்கா மணி நேரம் கேக்கறீங்க சார். நான் டீ குடிக்க எனுக்குப் பத்து நிமிசம் தான் குடுக்கிறாங்க.”

எஸ்தரின் விரல்

டையில் வெடிப்பு விழுந்தால் அது வார்ப்பில் மெல்லிய நரம்பாகப் புடைத்துத் தெரியும். அந்த நரம்பையும் ஓரத்துப் பிசிறையும் அரத்தால் ராவி எடுப்பதற்குக் கொட்டகையின் பின்புறம் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒருத்தி எஸ்தர். முன்பு நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவள். கையுறை கொடுத்தால் வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள், போட மாட்டாள்.

ஒரு நாள் மூன்று மூடிகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். புதிதாக ஒரு நரம்பு விரலில் தட்டுகிறது என்றாள். லென்ஸ் வைத்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் சாப்பாட்டு நேரத்தில் டையை நிறுத்தித் துடைத்து, சிவப்புச் சாயம் அடித்தேன். வெடிப்பு இருந்தால் சாயம் அதற்குள் இறங்கும். கால் மணி நேரம் கழித்து மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி அடித்தால், உள்ளே இறங்கின சிவப்பு வெள்ளையில் ஊறி வெளியே வரும். அவள் சொன்ன அதே இடத்தில், தலைமுடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு மெதுவாக எழுந்தது. அன்றிலிருந்து தினம் மதியம் நான் முதலில் போய் நிற்கிற இடம் அவள் முன்னால்தான்.

எங்களிடம் மூடி வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒரு தர அதிகாரி சோதனைக்கு வந்தார். வெடிப்பை முதலில் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்ற கட்டத்தில் நான் “தொட்டுப் பார்த்து” என்று எழுதியிருந்தேன். எந்தக் கருவியால், அதை எப்போது சரிபார்த்தீர்கள், சான்றிதழ் எங்கே என்று கேட்டார். வேறு வழியில்லாமல் அவரை எஸ்தரிடமே அழைத்துப் போனேன். அவர் கேட்டதை நான் எளிமையாக்கி, உன் விரல் சரியாக இருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா என்று கேட்டேன். அவள் அரத்தைக் கீழே வைத்து, நன்றாக யோசித்து, அந்த அதிகாரிக்கே பதில் சொன்னாள்:

“போன மாசம் பள்ளிக்கூடத்துல கண்ணு டெஸ்ட் எடுத்தாங்க சார். கைக்கு இன்னும் யாரும் வரல.”

பல் டாக்டர்

சிவப்புக் கோடு வெடிப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும். எவ்வளவு ஆழம் என்று சொல்லாது. வெடிப்புக்குள் மெழுகை அழுத்தி அச்செடுத்துப் பார்த்தேன், பிட்டுக்கொண்டு வந்தது. அந்தச் சமயத்தில் எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. காஞ்சிபுரத்தில் ஒரு பல் டாக்டர், பல்லின் அச்செடுக்க ரோஸ் நிறத்தில் ஒரு பசையை என் வாயில் வைத்து அழுத்தி, இறுகினதும் உரித்து எடுத்தார். பல்லில் இருந்த ஒவ்வொரு பள்ளமும் அதில் மேடாக நின்றது. வாய் மரத்துப்போன நிலையிலேயே அந்தப் பசையில் இரண்டு டியூப் எனக்கு வேண்டும் என்று கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். ஆர்வமாகிவிட்டார், அச்செடுத்ததும் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார்.

அடுத்த வாரம் கொண்டுபோனேன். டையின் வெடிப்பெல்லாம் பசையில் சின்னச் சின்னச் சுவர்களாக நின்றன. அளவு கோடு போட்ட லென்ஸில் வைத்து அவற்றின் உயரத்தை அளக்கலாம், அதுதான் ஆழம். அந்த வாரம்தான் பாய் ஒரு வெல்டரை வரவழைத்து, வெடிப்பை எல்லாம் வெல்டு வைத்து அடைத்துவிட ஏற்பாடு செய்திருந்தார். டாக்டர் தன் விளக்கின் கீழே அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே ஆட்கள் தாடையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நோயாளியின் உறவினரிடம் சொல்வது போல என்னிடம் சொன்னார்:

“இத அடைச்சுப் பிரயோஜனம் இல்ல சார். எடுத்துட்டுப் புதுசு கட்டிக்கிறதுதான் நல்லது.”

பேராசிரியர் ஒட்டிய கம்பி

ஒரு பொறியியல் கல்லூரிப் பேராசிரியர், டை மூடும்போது எஃகில் ஏறுகிற அழுத்தத்தை அளந்து தருவதாக வந்தார். நகம் அளவு பட்டையில் மெல்லிய கம்பி. அதை ஒட்டினால், எஃகு எவ்வளவு இழுபடுகிறதோ அவ்வளவு எண் பெட்டியில் தெரியும். டையின் மேல் ஒட்டியது சூட்டிலும் எண்ணெயிலும் இரண்டு தரம் உரிந்து விழுந்தது. மூன்றாம் முறை, டையை மூடிப் பிடிக்கிற மெஷினின் நான்கு பெரிய தண்டுகளில் ஒட்டினார். நான்கும் சமமாகப் பாரம் தாங்க வேண்டும். வலது பக்கத்துக் கீழ்த் தண்டு மட்டும் அதிகமாகத் தாங்கிக்கொண்டிருந்தது. டையில் அதிக வெடிப்பும் அந்தப் பக்கம்தான். எனக்குச் சந்தோஷம். என் நோட்டில் மாதக்கணக்காக எழுதியிருந்தது எண்ணாக வந்துவிட்டது. பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியானால் டை எப்போது உடையும் என்றார். அதை உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நிலைமை நல்லதில்லை என்றார் பேராசிரியர். பாய் என் பக்கம் கையைக் காட்டினார்:

“இத்தத்தான் நம்மாளு தினமும் ஒயரு இல்லாமயே சொல்லிக்கினு கீறாரே.”

தண்டைச் சமன் செய்ய ஆள் வந்தது மூன்று மாதம் கழித்து.

கையெழுத்து

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். விட்டால் மற்றதெல்லாம் வேடிக்கையாகிவிடும்.

அந்த டைக்கு வயதாகிவிட்டது. புது டை தயாராக இன்னும் மூன்று வாரம். ஒரு நாள் காலையில் சிவப்பு அடித்தபோது, உள்ளே குளிர்நீர் ஓடுகிற துளைக்கு நேரே, நகத்தின் நீளத்துக்கு ஒரு புதுக் கோடு எழுந்தது. நிறுத்தி வைக்கச் சொல்லி அட்டை எழுதி மாட்டினேன். பத்து மணிக்கு அதே தர அதிகாரி காரில் வந்து இறங்கினார். மூடி இல்லாமல் அவர்கள் கம்பெனியில் வேலை நிற்கிறது. அவர் சத்தம் போடவில்லை. என்னை உட்கார வைத்துப் பேசினார். இந்தக் கோட்டால் மூடியில் குறை வருமா என்றார். வராது, ராவிவிடலாம் என்றேன். ஆழம் எவ்வளவு என்றார். பசையை அழுத்தி அளந்தேன். அரை மில்லிமீட்டர் கூட இல்லை. தண்ணீர்த் துளை அதற்குப் பின்னால் வெகு தூரத்தில். கணக்குப்படி நடுவில் எஃகு தாராளமாக இருந்தது. அப்படியானால் இந்த ஒரு ஷிப்டுக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள் என்றார். பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கட்டாயப்படுத்தினார்கள் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அப்படி இல்லை. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போயிருந்தது. போட்டுவிட்டேன்.

மூன்று மணிக்குத் தகரத்துக்குள் வெடி வைத்த மாதிரி ஒரு சத்தம். வெடிப்பு துளைவரை திறந்துகொண்டு, தண்ணீர் டைக்குள் வந்து, அதன் மேல் உருகிய அலுமினியம் பாய்ந்திருக்கிறது. பாதுகாப்புக் கதவு மூடித்தான் இருந்தது. கதவுக்கும் மெஷினுக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாக அது பீறிட்டு, மாசிலாமணியின் வலது முன்கையிலும் கழுத்தோரத்திலும் அடித்தது. நான் ஓடிப் போவதற்குள் எஸ்தர் வாளித் தண்ணீரை அவன் கையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் கத்தக்கூட இல்லை. மெஷினை அணைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தான். பாய் தன் காரிலேயே கொண்டுபோனார். ஏழு வாரம் ஆஸ்பத்திரி. பாய் தினமும் காலையில் நாஷ்டா எடுத்துக்கொண்டு போனார். எனக்கு முதல் வாரம் போகத் தைரியம் வரவில்லை.

இரண்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தேன். கையில் கட்டு. அவன் மனைவி எனக்கு நாற்காலி போட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். அன்று காலையில் கோடு வந்ததையும், அட்டை மாட்டினதையும், பிறகு கையெழுத்துப் போட்டதையும் ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்:

“செவப்பு வந்துச்சின்னு எனுக்கும் காட்டியிருக்கலாம் சார். அது முன்னாடி நிக்கிறவன் நான்தானே.”

அறுத்துப் பார்த்தது

அந்த வாரத்திலிருந்து சிவப்பு அடிப்பதை மெஷின் ஓட்டுகிறவர் முன்னால்தான் செய்தேன். எஸ்தரும் வந்து நிற்பாள். மூன்று பேரும் பார்த்து, மூன்று பேரும் நோட்டில் பெயர் எழுதினால்தான் டை ஓடும். பாய் இதற்கு ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. அந்த அதிகாரி மட்டும், ஓட்டுகிறவரும் ராவுகிறவளும் எதற்குக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று போனில் கேட்டார். நேரில் வந்தால் விளக்குகிறேன் என்றேன். வரவில்லை.

நான்கு மாதம் கழித்து மாசிலாமணி வேலைக்குத் திரும்பினான். முழுக்கைச் சட்டை. கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிற வேலை தருவதாகப் பாய் சொல்லிப் பார்த்தார். வேண்டாம், தெரிந்த வேலை மெஷின்தான் என்று சொல்லிவிட்டான். முதல் நாள் டை மூடுகிற சத்தத்துக்கு அவன் தோள் துள்ளியதைப் பார்த்தேன். ஒரு வாரத்தில் அது நின்றது. அல்லது நான் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன்.

உடைந்த டையைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன்னால் எனக்குக் கொடுங்கள் என்று பாயிடம் கேட்டு வாங்கி, சென்னையில் ஓரிடத்தில் குறுக்காக அறுத்து வாங்கி வந்தேன். அறுத்த முகத்தைப் பளபளப்பாகத் தேய்த்து லென்ஸில் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த வெடிப்பு வெளியிலிருந்து உள்ளே போகவே இல்லை. தண்ணீர்த் துளையின் சுவரில் ஆரம்பித்து, துருப்பிடித்துக் கறுத்து, பல மாதமாக வெளியே வந்துகொண்டிருந்திருக்கிறது. நான் சிவப்பில் பார்த்த நகம் அளவுக் கோடு அதன் கடைசி நுனி. என் பசை அந்த நுனிக்குள் கொஞ்சம் போய் நின்றுவிட்டது. பசை நின்ற இடத்தோடு வெடிப்பும் நின்றுவிட்டது என்று நான் நம்பியிருந்தேன்.

துண்டை மாசிலாமணியிடமும் எஸ்தரிடமும் காட்டினேன். உள்ளேயிருந்து வந்திருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்று சொன்னேன். சொல்லும்போதே, அது என் தப்பு இல்லை என்று அவன் வாயால் கேட்க நான் ஆசைப்படுகிறேன் என்பது எனக்குப் புரிந்தது. எஸ்தர் கறுத்த கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத் துண்டை அவனிடம் கொடுத்தாள். அவன் இடது கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்து, துளையிலிருந்து முகம்வரை அந்தக் கோடு வந்த வழியைப் பார்த்தான். அடுத்த மாதத்திலிருந்து டையை மாட்டுவதற்கு முன் துளையில் பம்பு வைத்துத் தண்ணீரை அழுத்தி, அழுத்தம் காட்டுகிற மீட்டரில் முள் இறங்குகிறதா என்று அரை மணி நேரம் பார்க்கிற வழக்கம் எங்கள் கொட்டகையில் வந்தது. அதை ஆரம்பித்து வைத்தது அவன் துண்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே சொன்னதுதான்:

“அப்ப உள்ள எப்படிப் பாக்கறதுன்னு கண்டுபுடிங்க சார். வெளிய பாக்கத்தான் நாம மூணு பேரு கீறோமே.”

ஆக, வெடிக்கப் போவதை முன்கூட்டியே சொல்வதுதான் பணி என்று வேலைக்கு எடுத்தபோது எனக்குக் கொடுத்த ஆர்டரில் தெளிவாக எழுதியிருந்தது. வெடித்தது ஏன் வெடித்தது என்று நாலு பக்கம் எழுதித் தருவதிலேயே என் சர்வீசில் பாதி போய்விட்டது.